கவுன்சிலரின் வேட்டியை விட்டுவிடுங்கள்

எங்கள் கார்ட்டூனை ஏழு மாதமாகக் கையில் வைத்திருக்கும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாலிகிராமத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று போனில் நான்காவது முறையாகத் திருத்தம் சொன்னீர்கள். கார்ட்டூனில் வரும் கவுன்சிலருக்கு வேட்டி வேண்டாமாம், பேண்ட் மாட்டிவிட வேண்டுமாம்.

வேட்டியின் கதை உங்களுக்குத் தெரியும். கரையில் கறுப்பு சிவப்பு வந்தால் ஒரு கட்சி, நடுவே வெள்ளை சேர்ந்தால் இன்னொரு கட்சி. அதனால்தான் முதலிலேயே வயலட் கரை போட்டோம். நாளைக்கு அந்த நிறத்தில் யாராவது கட்சி ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். சரி, கரையை எடுத்தோம். இப்போது வேட்டியே போகிறது.

அந்தக் காட்சி 40 விநாடி. விநாடிக்கு 12 படம் வீதம் 480 படம், மூன்று பேர் கையால் வரைந்தது. வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் நின்று, நனையாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "தண்ணி எங்கய்யா நிக்குது?" என்று கேட்கிறார் கவுன்சிலர். சிரிப்பு முழுக்க அந்த மடித்துக் கட்டும் கையில் இருக்கிறது. பேண்ட் போட்டால் அவர் மழையில் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர். பார்க்கிறவருக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

தயவுசெய்து வேட்டியை விட்டுவிடுங்கள்.

முதல் சந்திப்பில், அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 'தி சிம்ப்சன்ஸ்' மாதிரி வேண்டும் என்று கேட்டதே நீங்கள்தான். 1989-இல் தொடங்கிய அந்தத் தொடர், தன்னை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் சேனலையே கிண்டலடிக்கும். 1999-இல் முதலாளி ரூபர்ட் மர்டாக்கே அதில் குரல் கொடுத்து, கோடீஸ்வரக் கொடுங்கோலன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். உங்கள் முதலாளியை நாங்கள் கூப்பிடவில்லை. ஒரு வார்டு கவுன்சிலரோடு நிறுத்திக்கொண்டோம்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. 1987-இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கு மூன்று மாதச் சிறை விதித்தது நம் சட்டமன்றம். அங்கேயும் ஜோக் அச்சாகிக் கடைக்கு வந்த பிறகுதான் தண்டனை. எங்களுக்கு வரையும்போதே! இரவு விவாதத்தில் நாலு பேர் ஒருவரையொருவர் திருடன் என்று கத்தலாம், அதற்கு விளம்பரமும் வரும். வரைந்த மனிதர் மட்டும் வேட்டி கட்டக் கூடாது. அடுத்து அவரைக் கரடியாக்கி, காலை ஏழு மணிக்குக் குழந்தைகளுக்குப் போடலாம் என்பீர்கள். கரடி யாருக்காவது தேர்தல் சின்னமா என்று இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். இரவு பதினோரு மணிக்குக்கூடப் போடுங்கள். 'அனைத்தும் கற்பனையே' என்ற அறிவிப்பை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டுங்கள். வேட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். முடியாது என்றால், அதையாவது எழுத்தில் கொடுங்கள். இதுவரை எல்லாம் போனிலேயே வந்திருக்கிறது.

இப்படிக்கு,
480 படம் வரைந்த மூவரில் ஒருவர்