திருகாணியோடு கதிரளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டு வளைவுக்கான அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளைவை நிமிர்த்த முதுகெலும்பில் கணினி வழிகாட்டலோடு திருகாணி பொருத்தினால் மருத்துவர்மீது எக்ஸ்ரே கதிர் படுவது வெகுவாகக் குறையும் என்று எழுதியிருந்தது சரியே. மேஜையில் கிடக்கும் பிள்ளைக்கு எவ்வளவு படுகிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். அறுவை அரங்கில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவியை இயக்குபவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வளைவின் உட்குழிந்த பக்கத்தில், திருகாணி இறங்கும் எலும்புக் காம்பு மிக மெல்லியது. தண்டுவடம் அதை ஒட்டியே செல்கிறது. திருகாணி விலகினால் கால்கள் செயலிழக்கவும் கூடும். ஆகவே படமே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கைதேர்ந்த சிலர் எலும்பின் அடையாளங்களைக் கொண்டே துளையிட்டு, உருண்டை முனைக் கம்பியால் துளையின் சுவர்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சில படங்களோடு முடித்துவிடுவார்கள். வேறு சிலர் ஒவ்வொரு திருகாணிக்கும் படம் கேட்பார்கள். அப்போது மருத்துவரும் செவிலியரும் சிதறும் கதிரில் நிற்கிறார்கள். கணினி வழிகாட்டலுக்கான முப்பரிமாண ஸ்கேன் என்றால் நாங்கள் வெளியேறிவிடுவோம், பிள்ளைக்குத்தான் கதிரளவு பொதுவாகக் கூடும். முறையைத் தீர்மானிப்பது மருத்துவர். அளவைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

வளைவு முற்றுவது பெரும்பாலும் வளரும் பெண்பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை இந்நோய் கண்டறியப்பட்ட 5,573 பெண்களை ஆராய்ந்தார்கள். சராசரியாக 25 முறை எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் மற்ற பெண்களைவிட அதிகம். இன்றைய கருவிகளில் அளவு மிகக் குறைவு, பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி நிறுத்திப் படமெடுத்தாலே மார்பில் படுவது பல மடங்கு குறையும். ஆனால் எங்கள் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் குழித்துறையில் ஒரு படம், நாகர்கோவிலில் ஒரு படம், எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் மறுபடியும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய படத்தை உறையிலிருந்து உருவிப் பார்க்கக்கூட ஆளில்லை. மணவாளக்குறிச்சி மணலின் கதிர்வீச்சைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்கில் பேசும் ஊர் இது. இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

ஊழியர் நிலையும் கவலைக்குரியது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஓராண்டிலும் 30 என்று வரம்பு வைத்திருக்கிறது. அதை அளக்க வேண்டிய பேட்ஜ் உடைமாற்றும் அறையில் சட்டையோடு ஆணியில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஈயக் கவசத்தை மடித்து வைத்து, மடிப்பில் ஈயம் விரிசல் விட்ட பின்னும் அதையே அணிகிறார்கள்.

அறுவை முடிந்ததும் மொத்தக் கதிரளவைக் கருவியின் திரையே காட்டுகிறது. அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரியாக எழுதச் செலவில்லை. எல்லையின் இருபுறத்து மருத்துவமனைகளும் அதை எழுத வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வலியுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே தொழில்நுட்பர் ஒருவர்,
களியக்காவிளை.