கடலில் இருக்கும் சரக்குக்கு என்ன பதில்?

சுங்க வரி விகிதங்களை முடிவு செய்யும் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சிறு நிறுவனங்களுக்கு இறக்குமதி, ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அட்டவணையில் நீங்கள் ஓர் எண்ணை மாற்றினால் அன்று ராத்திரியே எங்கள் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். எல்லாரும் முதலில் கேட்பது, "நம்ம சரக்கு இதுல வருதா?" உடனே ஹெச்.எஸ். குறியீட்டை, அதாவது ஒவ்வொரு சரக்கு வகைக்கும் கொடுத்திருக்கும் எண்ணைத் தேடுவோம். உலக சுங்க அமைப்பு வகுத்த அந்தக் குறியீட்டில் முதல் ஆறு இலக்கங்கள் ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் வருவது அந்தந்த நாட்டின் சொந்த ஏற்பாடு. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஒருவர் தப்பிப்பார், அடுத்த பட்டறைக்காரர் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது கேள்விதான் கஷ்டமானது. "சரக்கு கடல்ல இருக்கு. அதுக்கும் புது வரியா?"

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஒரு சிறு பட்டறை மூன்று மாதம் முன்பே மூலப்பொருளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கும். அதை வைத்துச் செய்யப்போகும் பொருளுக்கு வாடிக்கையாளரிடம் விலை பேசிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கன்டெய்னர் கப்பலில் ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து வரி 10 சதவீதத்திலிருந்து 25 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்த நாளில் என்ன விகிதம் இருந்தது என்று பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. சரக்கு வந்து சேர்ந்து ஆவணம் தாக்கல் ஆகும் சமயத்தில் இருப்பதுதான் கணக்கு. கூடுதல் 15 சதவீதத்தைக் கட்டினால்தான் சரக்கு வெளியே வரும். பணம் புரட்டுவதற்குள் துறைமுகத்தில் டெமரேஜ், அதாவது சரக்கை எடுக்காமல் தாமதித்ததற்கான கட்டணம், ஏறும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி உத்தரவாதம் இருக்கும், தள்ளிக் கட்டும் வசதி இருக்கும். சின்னவருக்கு இருப்பது ஓ.டி. கணக்கு (இருப்புக்கு மேல் வங்கி எடுக்க விடும் கடன்), அதுவும் வரம்பை முட்டிக்கொண்டு. லாபமே ஆறு, ஏழு சதவீதத்தில் ஓடும் தொழிலில் 15 சதவீதம் எங்கிருந்து வரும்? (பல நாடுகளில் சரக்கு விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. கூலி ஏறினால் வரியும் ஏறும். இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் எனக்கு விசித்திரம்.)

வரியை வெளிநாட்டுக்காரன் கட்டுவான் என்று மேடையில் பேசும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். செலான் எங்கள் கைவழியாகத்தான் போகிறது. அதில் இருப்பது இறக்குமதி செய்கிறவர் பெயர். விற்பவர் சில சமயம் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார், அவ்வளவுதான்.

உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடும் பாதுகாப்பு வரியால் யாருமே பிழைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்கா 2018-இல் இறக்குமதி வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது. அதனால் சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது என்று அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். அதே கணக்குப்படி, அந்த ஒவ்வொரு வேலைக்கும் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினும் கூடவே விலை ஏறியது. இரண்டையும் ஜோடியாக வாங்குவது அங்கே வழக்கம் என்பதால் கடைக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அதே ஆண்டு எஃகுக்கு 25 சதவீதம் வந்தது. எஃகு ஆலைக்கு அது அரண். எஃகை வாங்கி, வெட்டி, வளைத்துப் பொருள் செய்கிறவருக்கு அது செலவு. ஆலை இருக்கும் ஓர் ஊருக்கு எத்தனை பட்டறை ஊர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? இதில் இன்னும் மோசம், தலைகீழ் வரி. தகட்டுக்கு வரி அதிகம், அந்தத் தகட்டில் செய்த கதவுக் கீலுக்கு வரி குறைவு என்றால், கீல் செய்கிறவர் எதற்குப் பாடுபட வேண்டும்? செய்து முடித்த கீலையே இறக்கி விற்கலாம். என் வாடிக்கையாளர் ஒருவர் அதைத்தான் செய்தார். பன்னிரண்டு பேர் வேலை பார்த்த இடத்தில் இப்போது இரண்டு பேர் பெட்டியைப் பிரித்து லேபிள் ஒட்டுகிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இறக்குமதிக்கு ஆவணம் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

நாடு முழுவதற்கும் என்று சொல்லி வரி போடுகிறீர்கள், அடி விழுவது ஏதோ ஒரு வட்டாரத்தில். ஒரு தொழில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே லாரி ஓட்டுகிறவர், பெட்டி செய்கிறவர், மெஷின் பழுது பார்க்கிறவர், வீட்டை வாடகைக்கு விடுகிறவர் எல்லாரும் அதே கயிற்றில் தொங்குகிறார்கள். உங்கள் எதிராளிக்கு இது நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் எஃகு வரிக்குப் பதிலடியாக 2018 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் போர்பன் விஸ்கியையும் மோட்டார் சைக்கிளையும் பொறுக்கி எடுத்தது. போர்பன் கென்டக்கி மாநிலத்துத் தொழில்; அப்போதைய அமெரிக்க செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அந்த மாநிலத்துக்காரர். மோட்டார் சைக்கிள் நிறுவனமான ஹார்லி டேவிட்சனின் தலைமையகம் விஸ்கான்சின் மாநிலத்தில். அப்போதைய சபாநாயகர் பால் ரயன் அங்கிருந்து வந்தவர். மோட்டார் சைக்கிள் வரி 6 சதவீதத்திலிருந்து 31 ஆனது. ஐரோப்பாவில் விற்கும் வண்டிகளின் உற்பத்தியை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோவதாக நிறுவனம் அறிவித்தது. ஐரோப்பியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வரி போட்டார்கள். அதே வரைபடத்தை நீங்களும் முன்கூட்டியே விரித்தால் என்ன? ஒவ்வோர் அறிவிப்போடும் ஒரு பக்கம் சேர்த்து வெளியிடுங்கள்: எந்த வட்டாரம் இந்தப் பொருளை வாங்கிப் பிழைக்கிறது, எந்த வட்டாரம் பதிலடியில் சிக்கும் என்று.

அப்புறம், "உள்ளூர்ப் பொருளையே வாங்குங்கள்" என்ற விளம்பரம். கெட்டது என்று சொல்லமாட்டேன். அக்கம்பக்கத்தாருக்கு விற்கிற கடைக்கு அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து அனுப்புகிறவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை கியர் சக்கரம் வாங்குவார்? உள்ளூரிலேயே மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். டெண்டரில் மூன்று வருட விற்றுமுதல், பெரிய வைப்புத்தொகை என்று கேட்டுச் சின்னவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பொதுமக்களிடம் உள்ளூர்ப் பற்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை கொடுங்கள். பில் பணத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். விளம்பரச் செலவும் மிச்சம்.

கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்குப் பழைய விகிதமே என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும், பாதிப் பட்டறைகள் மூச்சு விடும். சில அறிவிப்புகளில் சில நாடுகள் இதைச் செய்தும் இருக்கின்றன. தற்காலிக வரி என்றால் முடியும் தேதியையும் போடுங்கள். 1960-களில் அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரி ஏற்ற, பதிலுக்கு 1964-இல் அமெரிக்கா இறக்குமதிச் சிறு லாரிகளுக்கு 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. லாரி வரி இன்னும் இருக்கிறது.

1930-இல் அமெரிக்காவில் இறக்குமதி வரிகளை ஏற்றிய ஸ்மூட்-ஹாலி வரிச் சட்டம் வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கேட்டும் அதிபர் ஹூவர் அதில் கையெழுத்துப் போட்டார். அத்தனை பேர் சொல்லி நடக்காதது நான் ஒருவன் எழுதி நடந்துவிடுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு.

இதை எழுதும்போதே ஒருவர் போனில் கேட்டார், இப்போது ஆர்டர் கொடுக்கலாமா, இல்லை பொறுக்கலாமா என்று. உங்கள் அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரியாததால் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பட்டறையில் இந்த வாரம் ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது.

இப்படிக்கு,
சுங்க ஆவணம் எழுதிப் பிழைக்கும் ஒருவன்