படிப்பகக் கட்டட நிதி: இன்னும் 6,25,000 ரூபாய் வேண்டும்

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மாரியம்மன் அருளால் சுவர் எழும்பிவிட்டது. சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. மேல்தளம் போடத்தான் பணமில்லை. சென்ட்ரிங் வாடகை நாளுக்கு 900 ரூபாய் ஓடுகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கம்பி துருப்பிடித்துவிடும்.

1962இல் ஓலைக் கொட்டகையில், ஒரு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தொடங்கிய படிப்பகம் இது. அன்றைய வசூல் நோட்டு இன்னும் நம்மிடம் இருக்கிறது. 'மேலத்தெரு, நெல் ஒரு மரக்கால்', 'கீழத்தெரு, ஓலை இருபது கட்டு' என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். பொங்கலன்று வேப்பமரத்தடியில் அதை வரி வரியாக வாசித்த பிறகுதான் பெரியவர்கள் எழுந்திருப்பார்கள். எந்தச் சட்டமும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. நடுவில் நாம்தான் விட்டுவிட்டோம். முன்பு ஒரு வசூலுக்குக் கணக்கே வாசிக்கவில்லை என்று இன்றும் வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். கேட்பது நியாயம்.

இப்போது அறக்கட்டளைகளுக்கான வருமான வரிச் சட்டம் மாறியிருக்கிறது. 2021 ஏப்ரல் முதல், ஒருமுறை பதிந்தால் போதும் என்ற நிலை இல்லை. அறக்கட்டளைகள் காலக்கெடுவுக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற விவரம் மே 31க்குள் வருமான வரித்துறைக்குப் போக வேண்டும். கொடுத்தவருக்குச் சான்றிதழும் தர வேண்டும். சின்ன அறக்கட்டளைக்கு இது சுமைதான். ஆனாலும் ஊரின் நம்பிக்கை திரும்ப இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. நம் படிப்பக அறக்கட்டளைக்குப் பதிவு, கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி, இரண்டும் வாங்கிவிட்டோம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது, வங்கி வழியாக அனுப்புங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் தாராளமாகத் தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடம் பெற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி நமக்கு அனுமதி இல்லை. மனம் வருந்த வேண்டாம்.

மேல்தளத்துக்கு 4,10,000, கதவு ஜன்னலுக்கு 1,15,000, மின்வேலைக்கு 60,000, மேஜை பெஞ்சுக்கு 40,000. இதுவரை 12,15,000 கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி. மணல் இறக்கிய டிராக்டர்காரர்கள், கொத்தனார்களுக்கு மூன்று மாதம் மதியச் சோறு போட்ட கோயில் தெரு வீடுகள், தலைக்கு 200 ரூபாய் கொண்டுவந்து கொடுத்த நூறு நாள் வேலைப் பெண்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்தப் பெண்களில் பலர் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. அங்கே படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களில் பாதிப் பேர் பெயர் இன்னும் நோட்டில் ஏறவில்லை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, சொல்லாமலும் முடியவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் கொடுங்கள். பான் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எங்களிடமும்கூட. பொங்கலன்று வேப்பமரத்தடியில் பழைய நோட்டையும் புது நோட்டையும் சேர்த்தே வாசிக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
படிப்பகக் கட்டடக் குழு