மதிக்கு, கார்லோவி வாரி போய்ட்டு வந்த கதை

மதி,

உன் மெயில் பாத்தேன்டி. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வாக்கர் வச்சு ஹால் வரைக்கும் நடந்து வந்துட்டாங்கன்னு படிச்ச பிறகுதான் எனக்கு நிம்மதியாச்சு. பிசியோ பண்ண வர்ற பொண்ணு வலிக்குதுன்னு கத்தினாலும் விடமாட்டேங்குறான்னு அம்மா கோவப்படுறாங்களாமே, அந்தப் பொண்ணு பண்றதுதான் சரி, நீ குறுக்க போகாத. நிலாவோட மார்க் பத்தி இப்பவே மண்டைய ஒடைச்சுக்காத, பப்ளிக் எக்ஸாமுக்கு இன்னும் நாள் இருக்கு.

ஸ்டேட்டஸ்ல பீங்கான் கப்பும் கையுமா நான் நிக்கிற போட்டோவ பாத்துட்டு "எங்கடி இது, சொல்லவே இல்ல"ன்னு கேட்டிருந்தல்ல, வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் எங்களுக்கே தெரியாதுடி. வாரம் பூரா இங்க ப்ராக்ல மழை, இவருக்கு ஆபீஸ்ல ரிலீஸ் முடிஞ்சு ரெண்டு பேரும் அலுத்துப் போய் உக்காந்திருந்தோம், அப்பதான் எதிர் வீட்டு பாட்டி கார்லோவி வாரிங்கிற வெந்நீர் ஊத்து ஊருல மூணு வாரம் இருந்துட்டு வந்தேன்னு சொல்லி ஒரு வேஃபர் டப்பா கொண்டாந்து குடுத்தாங்க. மூணு வாரம் டூரான்னு கேட்டா, டூர் இல்லம்மா, டாக்டர் எழுதிக்குடுத்தாரு, இன்சூரன்ஸ்ல போனேங்குறாங்க! இங்க செக் நாட்டுல சில வியாதிக்கு டாக்டர் பரிந்துரை பண்ணா அரசாங்க இன்சூரன்ஸே வெந்நீர் ஊருக்கு அனுப்பி வைக்கும், தங்குறது, சாப்பாடு, வைத்தியம் எல்லாம் சேத்து. அவங்க போனதும் இவரு போன எடுத்து சனிக்கிழமை காலைல பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் போட்டுட்டாரு, ஒரு பைல துணிய திணிச்சுகிட்டு கெளம்பிட்டோம், அவ்வளவுதான்.

ப்ராக்ல இருந்து மேற்கால 120 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஆகும். ஜெர்மன் பார்டர் பக்கத்துல மலைக்கு நடுவுல ஒரு இடுக்கு, அந்த இடுக்குல டெப்லான்னு ஒரு சின்ன ஆறு, ஆத்துக்கு ரெண்டு பக்கமும் மஞ்சள், க்ரீம், ரோஸ் கலர்ல அஞ்சு மாடி ஆறு மாடி பழைய கட்டடங்க தோளோட தோள் ஒட்டி நிக்குது. மேல பாத்தா காடு, இப்ப அக்டோபர்ங்கிறதால எல்லா இலையும் செவப்பும் மஞ்சளுமா கெடந்துச்சு. சில எடத்துல ஆத்துல இருந்தே ஆவி கெளம்புது.

மொதல்ல அந்தக் கப்ப பத்தி சொல்லிடுறேன். ஊருக்குள்ள நுழைஞ்சதும் எல்லார் கையிலயும் அது இருக்கும், தட்டையா, கைக்குள்ள அடங்குற மாதிரி, பூப்போட்டு நீலமும் தங்கமுமா இருக்கும், விஷயம் என்னன்னா அதோட கைப்பிடி உள்ள ஓட்டை, கப்போட அடியில இருந்து தண்ணி அந்தக் கைப்பிடி வழியா மேல வரும், நீ கைப்பிடி நுனிய வாயில வச்சு உறிஞ்சணும். எதுக்கு இப்படின்னு கடைக்காரம்மாகிட்ட கேட்டேன். தண்ணி சூடா இருக்கும், மடக்குன்னு குடிக்கக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமா தான் உள்ள போகணும், பல்லுலயும் ரொம்ப படக்கூடாதுன்னு சொன்னாங்க. அந்தக் கைப்பிடி வழியா மடக்குன்னு குடிக்க முயற்சி பண்ணி பாத்தாலும் முடியாதுடி. இத யோசிச்சவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை வந்துடுச்சு.

தண்ணி டேஸ்ட்? நம்ம ஹாஸ்டல் போர் தண்ணி ஞாபகம் இருக்கா, அத துரு புடிச்ச இரும்பு வாளில ராத்திரி பூரா வச்சிருந்து காலைல சுட வச்சா எப்படி இருக்குமோ அப்படி. உப்பு, கொஞ்சம் சோடா, கடைசில இரும்பு வாசம். மொத வாய் ஒரு மாதிரி இருந்துச்சு, மூணாவது ஊத்துக்கு போறதுக்குள்ள நாக்கு பழகிடுச்சு. ஊர் பூரா குடிக்கிற ஊத்து பன்னெண்டுக்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேரு, பக்கத்துலயே எத்தனை டிகிரின்னு போர்டு. பாம்பு வாயில இருந்து கொட்டுற மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க, அது 30 டிகிரி கிட்ட தான், மத்தது பெரும்பாலும் 50, 60னு ஏறிகிட்டே போகும். அத்தனையும் அடியில ஒரே தண்ணிதானாம்டி. மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா சுமார் 2000 மீட்டர் ஆழம் வரைக்கும் எறங்கி, அங்க சூடாகி, உப்பையும் கரியமில வாயுவையும் கரைச்சுகிட்டு திரும்ப மேல ஏறி வருது. வர்ற வழியில எது எவ்வளவு ஆறுதோ அதுக்கேத்த மாதிரி வாயு மாறுது, ஆறின தண்ணில வாயு ஜாஸ்தி நிக்கும், கொதிக்கிற தண்ணில கம்மி. அதனால தான் எந்த நோயாளி எந்த ஊத்துல எத்தனை வேளை எவ்வளவு குடிக்கணும்னு டாக்டர் சீட்டுல எழுதிக்குடுக்குறாரு.

எல்லா ஊத்துக்கும் தாய் ஊத்து ஒண்ணு இருக்கு, வ்ரீட்லோன்னு பேரு. 72 டிகிரி சூட்டுல நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 2000 லிட்டர் தண்ணி, வாயு தள்ளுற தள்ளுல 12 மீட்டர் உயரத்துக்கு அடிக்குது, ஒரே சீரா இல்ல, ஒரு நேரம் பொங்கும் ஒரு நேரம் அமுங்கும். மோட்டார் கெடையாது பம்ப் கெடையாது, பூமியே தள்ளிவிடுது. பக்கத்துல போய் நின்னா மூஞ்சி பூரா ஆவி, கண்ணாடில ஒண்ணும் தெரியல, தொடச்சு தொடச்சு போட்டுகிட்டு பாத்துகிட்டே நின்னேன், இவரு போலாமான்னு கேட்டுகிட்டே இருந்தாரு, எனக்கு வரவே மனசில்ல.

அங்க விக்கிறதுல என்னால மறக்க முடியாதது கல் ரோஜா. காகிதத்துல செஞ்ச ரோஜாவ கம்பில கட்டி அந்த வெந்நீர் தெறிக்கிற எடத்துல வச்சுடுறாங்க, தண்ணில இருக்குற சுண்ணாம்பு அதுமேல படிஞ்சு படிஞ்சு ரெண்டு வாரம் போல ஆனா பூ அப்படியே கல்லாகிடுது. ஒண்ண கையில எடுத்து பாத்தேன், இரும்பு கலந்திருக்கறதால செங்கல் மாதிரியும் இல்லாம காவி மாதிரியும் இல்லாம நடுவுல ஒரு நெறம், ஒவ்வொரு இதழ் ஓரத்துலயும் பொடிப்பொடியா முத்து மாதிரி புள்ளி. இதே படிவு தான் குழாய்க்குள்ளயும் ஒக்காந்து அடைச்சுக்கும், அத எடுத்துகிட்டே இருக்கணும், வ்ரீட்லோ இருக்குற மண்டபத்துக்கு அடியில எறங்கி அதெல்லாம் பாக்க டூர் கூட இருக்கு. இந்த ஊரோட நடுப்பகுதியே அந்த தண்ணி காலம் காலமா கட்டி வச்ச கல்லு மேல தான் நிக்குது.

ஊரு எப்படி வந்துச்சுன்னா, நாலாம் கார்ல் ராஜா வேட்டைக்கு வந்தப்ப மான தொரத்துன நாய் வெந்நீர் குட்டைல விழுந்து கத்துச்சுன்னு கதை சொல்றாங்க. கதை எப்படியோ, 1370ல அந்த ராஜா இந்த எடத்துக்கு நகர உரிமை குடுத்தது ரெக்கார்டுல இருக்கு. அந்தக் காலத்துல குடிக்கறதெல்லாம் கெடையாது, தொட்டில மணிக்கணக்கா ஊறிகிட்டே இருப்பாங்களாம், தோல் வெடிக்கிற வரைக்கும். தோல் வெடிச்சா தான் நோய் வெளிய போகும்னு நம்பிக்கை. அப்புறம் தான் குடிக்கவும் ஆரம்பிச்சாங்க. 18ஆம் நூற்றாண்டுல டேவிட் பெக்கர்னு ஒரு டாக்டர் வந்து வைத்தியத்தையே மாத்துனாரு. தண்ணிய ரூமுக்கு கொண்டு போய் குடிக்காதீங்க, ஊத்துகிட்டயே வந்து குடிங்க, குடிச்சுட்டு நடங்கன்னாரு.

மதி, நான் இத்தன நீளமா எழுதறதே இதுக்குத்தான்டி. அவரு சொன்ன அந்த "நடங்க"க்காகவே ஒரு ஊர கட்டியிருக்காங்க. மழை பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் நடக்கறது நிக்கக்கூடாதுன்னு தூண் வச்ச மண்டபம் மண்டபமா கட்டி வச்சிருக்காங்க. அதுல பெருசு மில் கொலனேட், 1871ல இருந்து 1881 வரைக்கும் கட்டுனது, ப்ராக் நேஷனல் தியேட்டர கட்டுன யோசெஃப் ஸீடெக் தான் இதுக்கும், 124 கல் தூண், உள்ள அஞ்சு ஊத்து, மேல பன்னெண்டு மாசத்துக்கும் சிலை. நாங்க போனப்ப நல்ல மழை, வெளிய கொட்டுது, உள்ள தூணுக்கு நடுவுல வயசானவங்க எல்லாம் குச்சி ஊனிகிட்டு, கையில கப்போட, ஒரு உறிஞ்சு உறிஞ்சுட்டு பத்தடி நடக்குறாங்க, திரும்ப ஒரு உறிஞ்சு. யாருக்கும் அவசரம் இல்ல. ஒரு தாத்தா ஊத்துகிட்ட வந்து சட்டைப்பைல இருந்து சீட்ட எடுத்து பாத்துட்டு, கப்ப சரியா அளவு வரைக்கும் பிடிச்சுட்டு, வாட்ச்ச பாத்துட்டு நடந்தாரு. அந்த ஒழுக்கத்த பாத்ததும் எனக்கு மனசு என்னமோ பண்ணிச்சு. நோயாளிய படுக்க வைக்காம, ஜோடி ஜோடியா பேசிகிட்டு நடக்க வச்சு, அதுக்கு ஒரு அழகான எடத்தையும் கட்டிக்குடுத்து மூணு வாரம் விட்டா பாதி வியாதி அதுலயே போயிடும்னு எனக்குத் தோணுது. தண்ணிக்கு குணம் இல்லன்னு சொல்லல, வயித்துக்கு நல்லதுன்னு சொல்றாங்க, ஆனா எனக்கு பெருசா தெரிஞ்சது அந்த நடையும் நேரமும் தான்.

உங்க அப்பா இருந்திருந்தா இத அவர்கிட்ட தான் மொதல்ல சொல்லியிருப்பேன். மார்க்ஸ் 1874, 75, 76னு மூணு வருஷம் தொடர்ந்து இங்க வந்தாரு, ஈரல் கோளாறு. மொத தடவை மக எலினோரையும் கூட்டிகிட்டு வந்தாரு, ஹோட்டல் ரெஜிஸ்டர்ல "சார்லஸ் மார்க்ஸ், லண்டன்"னு தான் பதிவு. ஏங்கெல்ஸுக்கு எழுதுன லெட்டர்ல தெனம் காலைல ஆறு மணிக்கு ஊத்துல நிக்கிறேன், ஏழு கிளாஸ் குடிக்கணும், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவுல கால் மணி நேரம் நடக்கணும், கடைசி கிளாஸ் முடிச்சு ஒரு மணி நேரம் நடந்துட்டு தான் காபின்னு எழுதியிருக்காரு. ரஷ்ய சர்ச் பக்கத்துல அவருக்கு சிலை இருக்கு, அங்க போய் உங்க அப்பாவ நெனச்சுகிட்டு நின்னேன், யூனியன் ஆபீஸ்ல மாட்டியிருந்த அந்தப் படமும் அவரு நமக்கு வாங்கித்தந்த டீயும் எல்லாம் ஒண்ணா ஞாபகத்துக்கு வந்துச்சு. பீத்தோவன், கோத்தே, ரஷ்யாவோட பீட்டர் ராஜான்னு வந்தவங்க லிஸ்ட் பெருசு, கோத்தே மட்டும் பதிமூணு தடவை வந்திருக்காரு.

ஒரு விஷயம் உறுத்துச்சு. இந்த ஊர்ல 1945 வரைக்கும் பெரும்பாலும் ஜெர்மன் பேசுறவங்க தான், அவங்களுக்கு இது கார்ல்ஸ்பாட். யுத்தம் முடிஞ்சதும் அவங்கள்ல பெரும்பாலானவங்கள வெளியேத்திட்டாங்க. நாஜிங்க இந்த நாட்டுக்கு பண்ணது கொஞ்ச நஞ்சம் இல்ல, அது தெரியும், ஆனாலும் அவ்வளவு ஆசையா கட்டுன வீடுகள பாக்கும்போது, கட்டுனவங்க பேரப்பிள்ளைங்க பொட்டிய தூக்கிகிட்டு போயிருப்பாங்களேன்னு நெனைக்காம இருக்க முடியல. வீடு எழந்து போறவங்க எந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் எனக்கு மனசு கேக்காதுடி.

சாப்பாட்டுக்கு கஷ்டம் இல்ல, உருளைக்கெழங்கு சூப்பு, பொரிச்ச சீஸ்னு ஓடிடுச்சு. ஒப்லாட்கின்னு தட்டு அகலத்துக்கு வட்டமா ஒரு வேஃபர், காகிதம் மாதிரி மெல்லிசு, ரெண்டு ஏட்டுக்கு நடுவுல நட்ஸும் சக்கரையும், தெருவுல சூடா வாங்கி அந்த உப்புத்தண்ணிக்கு மேல சாப்புடணும், அடடா. பெக்கரோவ்கான்னு இந்த ஊர் மூலிகை மதுவும் இருக்கு, 1807ல இருந்து பண்றாங்க, இவரு ஒரு சின்ன கிளாஸ் குடிச்சாரு, எனக்கு பட்டை கிராம்பு வாசம் மட்டும் போதும்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கெழமை காலைல தெர்மல்னு அந்த பெரிய கான்கிரீட் ஹோட்டலுக்கு மேல பாறைல இருக்குற திறந்தவெளி வெந்நீர் குளத்துக்கு போனோம். தலைல தூறல், கழுத்து வரைக்கும் வெந்நீர், கீழ பூரா ஊரு தெரியுது. தோள்பட்டைல வருஷக்கணக்கா இருந்த இறுக்கம் எறங்குறது எனக்கே தெரிஞ்சுச்சு. அப்ப அம்மாவ தான் நெனச்சேன். முட்டி தேறின பிறகு டாக்டர்கிட்ட கேட்டு வெதுவெதுப்பான தண்ணில நின்னு பண்ற பயிற்சி சேத்துக்கலாமான்னு பாரு, மதுரைலயே பண்றாங்களான்னு விசாரி. குடிக்கிற தண்ணி மட்டும் அம்மாவுக்கு வேண்டாம், உப்பு ஜாஸ்தி, பிரஷர் இருக்குறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது.

நீ வாடி. லீவே போட மாட்டேங்குற, அம்மா நடக்க ஆரம்பிச்சு நிலாவுக்கு எக்ஸாம் முடிஞ்சதும் மே மாசம் ரெண்டு பேரும் வாங்க. ஜூலை ஆரம்பம் மட்டும் வேண்டாம், 1946ல ஆரம்பிச்ச ஃபிலிம் ஃபெஸ்டிவல் அப்பதான், ரூம் கெடைக்காது. ஷெங்கன் விசாவுக்கு அப்பாயின்ட்மெண்ட் கெடைக்க நாளாகும், பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு இன்னைக்கே எடுத்து பாத்து எனக்கு சொல்லு, இன்விடேஷன் லெட்டர் பேப்பர் எல்லாம் நான் ரெடி பண்றேன்.

ராத்திரி போன் பண்ணு, அம்மாகிட்ட பேசணும்.

உன்
சுதா