இரண்டரை அங்குலத்துக்கும் ஒரு சுவர் வேண்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஓவியக் கண்காட்சி நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறேன். ஒழிந்த நேரத்தில் உள்ளங்கை அளவு அட்டைகளில் அரூப ஓவியங்கள், அதாவது உருவம் இல்லாமல் நிறமும் கோடும் மட்டுமே உள்ள படங்கள், போடுகிறேன். மற்றவர்கள் போட்டதை வாங்கியும் சேர்க்கிறேன். இந்த மடல் விண்ணப்பப் படிவத்தில் வரும் இரண்டு விதிகளைப் பற்றியது. ஒன்று, படம் 2 அடிக்கு 3 அடியை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. இன்னொன்று, தலைப்பும் கருத்தும் கட்டாயம் எழுதித் தர வேண்டும். எல்லாக் கண்காட்சியிலும் இப்படி இல்லை என்று தெரியும். நான் படம் அனுப்ப நினைத்த ஒன்றில் இரண்டுமே இருந்தன. படிவத்தை மடித்து வைத்துவிட்டேன்.

சுவர் பெரியது, கூட்டம் தள்ளி நின்று பார்க்கும், சின்னப் படம் எடுபடாது என்பது உங்கள் கணக்கு. சரி. ஆனால் சின்னத் துண்டைக் கையில் வாங்கி உற்றுப் பார்ப்பதில் நம்ம ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் உண்டா? லேப் டிப் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்கு ஆர்டர் தரும் பையர் கேட்ட நிறத்தைத் துணித் துண்டுகளில் ஏற்றி, ஏ, பி, சி என்று மூன்று சாயலாக அட்டையில் ஒட்டி அனுப்புகிறோம். ஏ கொஞ்சம் சிவப்படிக்கும், பி கொஞ்சம் மங்கல். விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒன்றில் ஒத்துப்போகும் நிறம் அடுத்ததில் பிரிந்து நிற்கும். நீலம் ஓடும் கறுப்பு எது, பச்சை ஓடும் கறுப்பு எது என்று பார்த்ததும் சொல்லும் ஆட்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர். பவானி ஜமுக்காளம் விரித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, வெறும் பட்டைகளை வைத்தே கண்ணை நிறுத்த முடியும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் போய் ‘மாடர்ன் ஆர்ட்’ புரியாது என்கிறோம்! நான் வரைந்த அட்டை ஒன்றைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், “ஏனுங்க, இது எந்த பையருக்குங்க?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இன்னும் வரவில்லை.

சின்ன அளவில் அப்படி என்ன இருக்கிறது? என்னிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். ஈரோட்டில் ஒரு நண்பர் போட்டது. சாம்பல் நிறத் தாள். அடியில் காவி நிறத்தில் ஒரு பட்டை; வலது ஓரத்தைத் தொடாமல் ஒரு நெல் அகலம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. மேலே பென்சிலில் ஒரே ஒரு கோடு, நடுவில் அழுத்தம் குறைந்து காணாமல் போய் மறுபடி வருகிறது. அவ்வளவுதான் படம். அந்த நெல் அகலத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், படம் செத்துப்போகும். நாலடி கேன்வாஸில் அந்த இடைவெளியை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இந்த அளவு நான் கண்டுபிடித்ததும் இல்லை. 1997-ல் சூரிச் நகரில் எம். வான்சி ஸ்டிர்னெமன் என்ற கலைஞர் தொடங்கிவைத்த பழக்கம்: 2.5-க்கு 3.5 அங்குலம், சீட்டுக்கட்டு அளவு. விற்பது கிடையாது, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதுதான். பிறகு இதே அளவில் விற்பவர்களும் வந்தார்கள். ஒரு ஏ4 தாளில் 9 அட்டை விழும். ஒன்று கெட்டால் எட்டு மிச்சம், அதனால் கை பயப்படுவதில்லை. நல்ல 300 ஜிஎஸ்எம் தாளாக வாங்கினால் தண்ணீர் பட்டாலும் அவ்வளவாகச் சுருளாது. (ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.) சேர்ப்பவருக்கும் சுவர் வேண்டாம், ஒரு டப்பா போதும். ராத்திரி எடுத்துப் பரப்பி, எதற்குப் பக்கத்தில் எது ஒத்துவருகிறது, எது சண்டை போடுகிறது என்று மாற்றி வைத்துக்கொண்டே இருக்கலாம். பெரிய படம் வாங்கினால் ஆணி அடித்த இடத்தோடு அந்த விளையாட்டு முடிந்தது. மாதச் சம்பளக்காரர் ஒரு பிரியாணிக் காசில் ஒரிஜினல் ஓவியத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார், அது வேறு.

அட்டையில் வரையும் எங்கள் ஆட்கள் மீதும் ஒரு குறை உண்டு. ஸ்கெட்ச் பேனாவிலும் மிஞ்சிய சாயத்திலும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஜன்னல் ஓரம் வைத்தால் கொஞ்ச நாளில் வெளுத்துவிடுகிறது. வெயிலுக்கு நிறம் எவ்வளவு தாங்கும் என்று நாங்கள் துணியில் பார்க்கும் புளூ வுல் அளவுகோல், 1 முதல் 8 வரை, அருங்காட்சியகங்களிலும் பயன்படுகிறது. பனியனுக்கே ரிப்போர்ட் கேட்கிற ஊர் படத்துக்கும் கேட்கட்டும். அப்படி ஒரு விதியைப் படிவத்தில் சேர்த்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

தலைப்பு, கருத்து விஷயம். ஓவியர் நஸ்ரின் முகமதி பேனாவாலும் பென்சிலாலும் சின்னத் தாள்களில் கோடு கோடாக வரைந்தவர், 1990-ல் மறைந்தார். பெரும்பாலான படங்களுக்கு அவர் பெயரே வைக்கவில்லை. 1911-ல் நம்ம கோயம்புத்தூரில் பிறந்தவர் கே.சி.எஸ். பணிக்கர், பிற்பாடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் தொடங்கியவர். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து மாதிரி இருப்பதை எழுத்தாக வாசிக்க முடியாது. கருத்து எழுதித் தா என்று இவர்களிடமும் படிவத்தை நீட்டுவீர்களா? விருப்பம் இருப்பவர் எழுதட்டும். கட்டாயம் வேண்டாம்.

சின்னது களவு போகும் என்பீர்கள். போகலாம்தான். கண்ணாடி மூடிய மேசை ஒன்று போட்டால் தீர்ந்தது. ஒரு சுவரில், படத்தைச் சுற்றி அகலமான மவுண்ட் அட்டை வைத்து, கண் உயரத்துக்கு ஒரே வரிசையாக மாட்டினால் போதும். மேலும் கீழும் அடுக்க வேண்டாம். நுழைவுக் கட்டணத்தை ஓர் அட்டைக்கு இவ்வளவு என்று வைக்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வையுங்கள். கடைசி நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாற்றிக்கொள்ள விடுங்கள். அடுத்த படிவம் அச்சுக்குப் போவதற்கு முன் சொன்னால், மேசைக்கு ஆளும் விளக்குக்கு ஏற்பாடும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
லேப் டிப் போடும் ஒருவன்,
திருப்பூர்