எத்தனை ரன் எடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்

பெற்றோர்களுக்கும் தாத்தா, ஆச்சிமாருக்கும் வணக்கம்.

பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் நம் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக இறங்கிவிடுவார்கள். இந்த ஆண்டு பள்ளிக்கென்று இரண்டு கிரிக்கெட் அணிகள் அமைத்திருக்கிறோம். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. வரும் சனிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நம் மைதானத்தில் ஆட்டம். நீங்கள் அவசியம் வர வேண்டும்.

சென்ற பெற்றோர் கூட்டத்தன்று ஓர் ஆச்சி என்னிடம் வருத்தப்பட்டார்கள். பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்களாம். “எம் பேரன் காலையில இருந்து வெயில்ல நிக்கான், ஒருக்காகூட மட்டைய அவன்ட்ட குடுக்கலியே சார்” என்றார்கள். நியாயமான வருத்தம். அன்றைக்கு அந்தப் பையன் செய்த வேலை பெரிய வேலை. அதை விளக்க வேண்டுமானால் ஆட்டத்தையே முதலில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மைதானத்தின் நடுவே 22 கெஜ நீளத்தில், அதாவது சுமார் 20 மீட்டரில், ஓர் ஆடுதளம். அதன் இரு முனையிலும் மும்மூன்று குச்சிகள் நட்டிருக்கும், அவை ஸ்டம்புகள். உயரம் 28 அங்குலம். மேலே இரண்டு சிறு மரத்துண்டுகள் சும்மா வைக்கப்பட்டிருக்கும், அவைதான் பெயில்ஸ். அணிக்குப் பதினொரு பேர். மட்டை பிடிக்கும் அணியிலிருந்து இரண்டு பேர் மட்டுமே உள்ளே வருவார்கள், முனைக்கு ஒருவராக. எதிரணியின் பதினொரு பேரும் மைதானத்தில் இருப்பார்கள்: ஒருவர் பந்து வீச, ஒருவர் ஸ்டம்புக்குப் பின்னால் கீப்பராக நிற்க, மற்ற ஒன்பது பேர் சுற்றிலும் பந்தைத் தடுக்க.

ஒரே முனையிலிருந்து ஆறு பந்து வீசினால் ஓர் ஓவர். அடுத்த ஓவரை மறு முனையிலிருந்து வேறொருவர் வீச வேண்டும். சனிக்கிழமை ஆட்டத்தில் ஓர் அணிக்கு 20 ஓவர், அதாவது 120 பந்து. பந்து எட்டாத தூரத்தில் விலகிப் போனால் வைடு, வீசுபவர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் நோ பால். இரண்டுக்கும் மட்டை பிடிக்கும் அணிக்கு ஒரு ரன் போய்ச் சேரும், பந்தையும் திரும்ப வீச வேண்டும்.

பந்தை அடித்துவிட்டு மட்டை வைத்திருக்கும் இருவரும் முனை மாறி ஓடினால் ஒரு ரன். பந்து உருண்டு எல்லைக் கயிற்றைத் தொட்டால் நான்கு; தரையில் படாமலே தாண்டினால் ஆறு. நடுவராக நிற்கும் அம்பயர் கையைப் பக்கவாட்டில் வீசி அசைத்தால் நான்கு என்று பொருள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் ஆறு. ஆள்காட்டி விரலை உயர்த்தினால் அவுட். பலகையில் 6 விக்கெட்டுக்கு 98 என்று இருந்தால், ஆறு பேர் அவுட்டாகி 98 ரன் வந்திருக்கிறது. பத்துப் பேர் அவுட்டானால் பதினோராவது ஆளுக்கு ஜோடி கிடையாது, அத்தோடு சரி.

வீசிய பந்து ஸ்டம்பில் பட்டுப் பெயில்ஸ் விழுந்தால் அவுட். அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்தாலும் அவுட். கிட்டிப்புள்ளில் பறந்து வரும் புள்ளைப் பிடிப்பது போலத்தான். வற்றிய குளத்துக்குள் ஆடும்போது ஒரு குத்துக் குத்தி ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட் என்பார்கள் நம் பிள்ளைகள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஸ்டம்புக்கு நேரே போக வேண்டிய பந்தை மட்டையில் படாமல் காலால் மறித்தால் எல்.பி.டபிள்யூ. இதைத் தீர்மானிப்பது அம்பயர் ஒருவர்தான். பந்து வீசும் அணி கேட்டால்தான் அவர் அவுட் கொடுக்க முடியும் என்பது விதி. பிள்ளைகள் திடீரென்று சேர்ந்து கத்துவது அதற்காகத்தான், சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கொடுத்த தீர்ப்பை எங்கள் பிள்ளைகள் எதிர்த்துப் பேசமாட்டார்கள். நீங்களும் வெளியிலிருந்து பேசக் கூடாது.

ரன் அவுட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அது. ஸ்டம்புக்கு நான்கடி முன்னால் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். ஓடுகிறவர் தன் மட்டையையோ காலையோ அந்தக் கோட்டுக்கு உள்ளே சேர்ப்பதற்குள் பந்தால் பெயில்ஸைத் தட்டிவிட்டால் அவர் அவுட். கோட்டின் மேலே மட்டை இருந்தால் போதாது, தாண்டியிருக்க வேண்டும். ஆகவே ஓடலாமா என்பதை இருவரில் ஒருவர் நொடியில் முடிவு செய்து குரல் கொடுக்க வேண்டும். “வா”, “வேண்டாம்”, “இரு” என்று மூன்றே சொல். மற்றவர் அதை நம்பி ஓட வேண்டும். தப்பாகக் கூப்பிட்டவர் ஒருவர், அவுட்டாகிப் போகிறவர் இன்னொருவர் என்று முடிவதும் உண்டு. ஒரு பந்தைக்கூட அடிக்காமல் அப்படி வெளியேறிய பிள்ளை வீட்டுக்கு வந்ததும், “எத்தனை ரன் எடுத்த?” என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

அந்தப் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் நின்றது எல்லைக் கயிற்றோரம். நான்காகப் போக வேண்டிய இரண்டு பந்துகளை ஓடிப்போய் விழுந்து தடுத்தான். இரண்டிலும் எதிரணிக்குக் கிடைத்தது ஒவ்வொரு ரன்தான். மிச்சமானது ஆறு. நாங்கள் ஜெயித்ததோ நான்கு ரன் வித்தியாசத்தில். முழங்கை சிராய்ப்போடு நின்ற அவனை அன்று நான் எல்லார் முன்னாலும் பாராட்டினேன். ஆச்சி அதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்புவதில் சிலருக்குத் தயக்கம் இருக்கிறது. பெண்களுக்கான உலகக் கோப்பை 1973-இல் நடந்தது. ஆண்களுக்கு 1975-இல்தான் தொடங்கியது. 2025 நவம்பரில் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கவுர் தலைமையில் நம் நாட்டுப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று அந்தக் கோப்பையை முதன்முறையாக வாங்கியபோது, மறுநாள் காலை வகுப்புக்கு வந்த நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். அணி அமைக்க முடிவு செய்தது அன்றைக்குத்தான். வெயிலில் கறுத்துப் போவாள் என்பதைத் தயவுசெய்து ஒரு காரணமாக என்னிடம் சொல்லாதீர்கள். வேறு காரணம் எதுவானாலும் வந்து பேசுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

பந்து பட்டுவிடும் என்ற பயம் சரியான பயம். ஊரில் ஆடும் ரப்பர் பந்து அல்ல இது, தோல் பந்து. ஆண்கள் ஆடுவது 160 கிராமுக்குப் பக்கம் வரும், பெண்களுடையது சற்றே எடை குறைவு. ஹெல்மெட், பேடு, கையுறை இல்லாமல் யாரும் மட்டை பிடிக்க அனுமதி கிடையாது. கீப்பருக்கும் அப்படியே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வு முடியும் வரை அணியில் சேர்க்கவில்லை.

தாழையூத்து சங்கர் நகரில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. நம் மாவட்டத்துக்கு நல்ல மைதானமும் உண்டு, நல்ல ஆட்டமும் தெரியும். அங்கே போய் ஆடும் பிள்ளை ஒன்று நம் பள்ளியிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

பெண் பிள்ளைகள் ஆட்டம் காலை 7 மணிக்கு, ஆண் பிள்ளைகள் ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடும். வேப்பமர நிழலில் பெஞ்சு போட்டிருப்போம், மோர் இருக்கும். பீடி சுற்றும் தாய்மார்கள் தட்டோடு வந்து உட்கார்ந்தாலும் சரி, பாதி ஆட்டத்தில் எழுந்து போனாலும் சரி. சின்னப் பிள்ளைகளைக் கயிற்றுக்கு உள்ளே விடாதீர்கள். உருண்டு வரும் பந்தை யாரும் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். கடிதத்தோடு உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்