இரவுச் சோறு இனி தனி வண்டியில்

கும்பகோணம்

முதியோர் இல்லங்களை நடத்தும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மதியச் சாப்பாட்டுடன் இரவுக்கானதையும் சேர்த்தே அனுப்பும் வழக்கத்தைத் தை முதல் தேதியோடு நிறுத்துகிறோம். இரவுச் சாப்பாடு மாலை ஆறரைக்குத் தனியாக வரும். அதனால் தலைக்கு நாளொன்றுக்கு 4 ரூபாய் கூடுகிறது. "டீசல் செலவை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா?" என்று பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

கார்த்திகையில் ஒரு நாள், மீந்த சாம்பாரை அண்டாவோடு மூடிவைத்து, ஐந்து மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தோம். விளிம்பைத் தொட்டால் சூடே தெரியவில்லை. நடுவிலோ 46 டிகிரி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகள் பெருகத் தோதானது. மூடிவைத்தால் பத்திரம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தோம்.

சோறு இன்னும் பொல்லாதது. அரிசியோடு வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து, உலை கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி ஆவி பறக்கச் சூடாக்கினாலும் போகாது. நமக்கென்றால் இரண்டு வாந்தியோடு தீரும். எண்பது வயதுக்காரர் நீர் வற்றிச் சுருண்டுவிடுவார்.

பழையது சாப்பிட்டு வளர்ந்த உடம்புதானே என்பீர்கள். பழையது நீரில் ஊறிப் புளிப்பது. அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கிவைக்கும். ஹாட் பாக்ஸில் அடைந்து கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் பரிமாறிவிடுங்கள். மீந்தது கழுநீர்ப் பானைக்குப் போகட்டும். சோற்றைக் கொட்டு என்று சொல்ல, நெல் விளையும் ஊர்க்காரர்களான எங்களுக்கு வாய் கூசத்தான் செய்கிறது.

இன்னொன்று. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ரசம் சோற்றை மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறீர்கள். ஜார் மூடியின் ரப்பர் வளையத்தை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். எங்கள் ஜாரில் கண்ட கறுப்பு வழுவழுப்பைச் சாப்பாட்டு மடலில் எழுத மனம் வரவில்லை. இப்போது தினமும் அதைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, காய்ந்த பிறகே மாட்டுகிறோம்.

வண்டி வந்ததும் எங்கள் ஓட்டுநர் பெட்டியைத் திறந்து, சோற்றின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்திக் காட்டுவார். 60-க்குக் கீழே காட்டினால் வாங்காதீர்கள். அந்த வேளைக்குக் காசும் வேண்டாம்.

இப்படிக்கு,
சமையற்கூடத்தார்